வெங்காரமும் போரானும்

மயிலாப்பூர்க் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நாட்டிய நகை செய்யும் பொற்கொல்லர்களைக் கண்ட நேயர்கள், ஊதுகுழலின் அருகே அவர்கள் வைத்திருக்கும் வெண்ணிறப் பொருளையும் கண்டிருப்பீர்கள். அதுவே வெங்காரம். போரான் என்னும் மூலகம் சோடியத்தோடும் பிராணவாயுவோடும் நீரோடும் கூடி நிற்கும் உப்பு அது.

பற்றவைப்பதற்கு வெங்காரம் எதற்கு? ஆபரணப் பொன்னில் செம்பு கலந்திருக்கிறது. சூடேறியதும் அச்செம்பு பிராணவாயுவோடு கூடிக் கருக்கும். கருத்த இடத்தில் பற்றுப்பொடி உருகி ஓடாது, உருண்டு நின்றுவிடும். வெங்காரமோ முதலில் பொரிந்து நீரை இழக்கும். பின்னர்க் கண்ணாடிபோல உருகி, அக்கருமையைத் தன்னுள் கரைத்துக்கொண்டு, காற்றையும் அண்டவிடாது தடுக்கும். பள்ளிகளில் செய்யும் வெங்கார மணிச் சோதனைக்கும் இப்பண்பே அடிப்படை. கோபால்ட்டு உப்பைத் தொட்டுச் சுட்ட மணி நீலமாவதைப் பார்த்த மாணவன் பாடத்தை மறக்கமாட்டான்.

முற்காலத்தில் திபெத்திய ஏரிகளிலிருந்து ஆடுகளின் முதுகில் சிறு மூட்டைகளாக இமயங் கடந்து வந்த சரக்கு இது. லடாக்கின் பூகா வெந்நீரூற்றுகளிலும் கிடைக்கிறது. ஆயினும் உலகில் பெரும் இருப்பு துருக்கியில்தான். போரானை 1808-இல் பாரிசில் கே-லூசாக்கும் தேனாரும், இலண்டனில் டேவியும் பிரித்தனர். அதன் அணு எண் 5.

கேரம் பலகையில் தூவும் போரிக் தூளும் இக்குடும்பத்தது. கையில் பட்டால் அஞ்சவேண்டுவதில்லை. வயிற்றுக்குள் போவதுதான் தீது. வாய்ப்புண்ணுக்கு வெங்காரத்தைத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாவில் தடவும் வழக்கத்தைத் தாய்மார்கள் அறவே விட்டுவிடவேண்டும். நாள்தோறும் தடவினால், பிஞ்சுச் சிறுநீரகம் கழிக்க மாட்டாமல் அது உடலில் சேரும். சூப்பானைத் தேன்-வெங்காரக் கலவையில் தோய்த்துக் கொடுத்ததால் ஏழு சிசுக்களுக்கு வலிப்பு வந்ததை 1983-இல் ஒரு மருத்துவ ஏடு வெளியிட்டது. கலவையை நிறுத்தியபின் வலிப்பு வரவில்லை. பாட்டி சொன்ன மருந்தாயிற்றே என்று தயங்குவோர், குழந்தையை மருத்துவரிடம் காட்டி அவர் சொல்வதைக் கேட்பார்களாக.

இனி, நம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரிலுள்ள கல்பாக்கத்துக்கு வருவோம். இயற்கைப் போரான் அணுக்கள் நூற்றில் ஏறத்தாழ இருபது, போரான்-10 என்னும் இலேசான வகை, ஏனையவை போரான்-11. போரான்-10 நியூட்ரானை விழுங்குவதில் வல்லது. மற்றதற்கு அத்திறன் இல்லையென்றே சொல்லலாம். 1985-இல் இயங்கத் தொடங்கிய அங்குள்ள வேக ஈனுலையின் கட்டுப்பாட்டுக் கழிகளில், இந்தப் பத்தாம் வகையைத் தொண்ணூறு விழுக்காடாகச் செறிவாக்கிய போரான் கார்பைடு இருக்கிறது. வேக நியூட்ரான்களை விழுங்கச் செய்வது கடினம். அதற்காகவே இவ்வளவு செறிவு. கழியை உள்ளே இறக்கினால் அணுப்பிளவு அடங்கும், உயர்த்தினால் பெருகும். நியூட்ரானை விழுங்கிய போரான், லித்தியமாகவும் ஹீலியமாகவும் பிளந்துபோகிறது. ஹீலியம் வாயு சேரச் சேரக் கார்பைடு வீங்கும். ஆகவே கழிகளை உரிய காலத்தில் மாற்றவேண்டியிருக்கிறது.