பிள்ளைக்கு எந்தச் சமயம் எழுதுவது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அயலவரின் சமயம் புதிதல்ல. கோட்டைக்குள் கோணேஸ்வரம் இருக்கிறது. நகரில் பள்ளிவாசல்களும் விகாரைகளும் புனித மரியாள் பேராலயமும் இருக்கின்றன. ஆனால் எந்தச் சமயத்திலும் பிடிப்பில்லாத பெற்றோரும் நம் நாட்டில் உண்டு. அவர்கள் தம் பிள்ளையை எப்படி வளர்ப்பது?

இலங்கையில் இக்கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்பவற்றுள் ஒன்றைப் படித்தே ஆகவேண்டும். இத்தனைக்கும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமோ, பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ப வழிகாட்டும் பொறுப்பு பெற்றோருடையது என்கிறது.

பரம்பரைச் சமயத்தைப் படிவத்தில் எழுதிவிட்டு, "வளர்ந்தபின் பிள்ளையே தீர்மானிக்கட்டும்" என்று அவர்கள் இருந்துவிடலாம். ஆனால் பிள்ளை அதுவரை காத்திராது. வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், "பாட்டி எங்கே போனார்?" என்று அன்றிரவே கேட்கும். தாயும் தகப்பனும் முன்கூட்டியே பேசி ஒரு முடிவுக்கு வந்திராவிட்டால், பிள்ளைக்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். அல்லது ஒன்றுமே கிடைக்காது.

இது பிறர் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நாமும் பிள்ளையை ஓதப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, "ஹஸரத்திடம் கேள்" என்று ஒதுங்கிவிடுகிறோமே! அல்குர்ஆனில் லுக்மான் அவர்கள் தம் மகனைத் தாமே அன்போடு அழைத்து, தொழுகை முதல் பேசும் குரல் வரை காரணத்தோடு அறிவுரை சொல்கிறார்கள்.

பெற்றோர் நினைத்தபடியே பிள்ளை வரும் என்பதற்கும் உறுதியில்லை. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவராக இருந்த ஆபிரகாம் கோவூர் (1898-1978) கேரளத்துக் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகன். ஆதலால் கட்டளையைவிட, பிள்ளை அச்சமின்றிக் கேட்கக்கூடிய வீடே முக்கியம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிறர் வணக்கத்தைக் கேலி செய்ய விடாதீர்கள்.

இன்னுமொன்று. சமயப் பிடிப்பில்லாத வீட்டுப் பிள்ளை நோன்பு திறக்கும் நேரத்தில் உங்கள் வாசலுக்கு வந்தால், வயிறார நோன்புக் கஞ்சி கொடுங்கள். தாய்க்குத் தெரியாமல் அதன் மனத்தை மாற்ற முயலாதீர்கள். நம் பிள்ளைக்கு அயல்வீட்டில் அப்படி நடந்தால் நாம் பொறுப்போமா? சிந்தியுங்கள் சகோதரிகளே!