தாடிக் கோடரி

நம் மொழியில் ஊசிக்குக் காது உண்டு. அரிவாளுக்கு மூக்கு உண்டு. குடத்துக்குக் கழுத்தும் வாயும் உண்டு. கையாளும் பொருள்களில் தம் உடலையே கண்டு பெயரிடுவது மக்கள் இயல்பு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நோர்வே, சுவீடன், டென்மார்க்கு ஆகிய வட ஐரோப்பிய நாடுகளில் வாழ்ந்தவர்கள் தம் கோடரிக்குத் தாடியே வைத்துவிட்டனர்! அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘ஸ்கெக்’ என்றால் தாடி. ‘ஒக்ஸ்’ என்றால் கோடரி. இரண்டையும் கூட்டி ‘ஸ்கெக்கொக்ஸ்’ என்று அதனை வழங்கினர்.

விறகு பிளக்க நாம் எடுக்கும் கோடரி ஏறத்தாழ ஓர் ஆப்பு. கனமே அதன் வலிமை. தாடிக் கோடரியின் அமைப்பு வேறு. காம்பைக் கவ்வும் பகுதி சிறியது. அதிலிருந்து மெல்லிய கழுத்தொன்று முன்னோக்கி நீள்கிறது. கழுத்தின் மேல்விளிம்பு பெரிதும் வளையாமல் ஓட, கீழ்விளிம்போ திடுமென இறங்கி, வெட்டுவாயைக் கீழே வெகுதூரம் இழுத்துச் செல்கிறது. அவ்வாறு இறங்கிய பகுதியே தாடி. தாடிக்கும் காம்புக்கும் நடுவே பிறைபோன்ற ஓர் இடைவெளி அமைகிறது. அந்த வெற்றிடத்திலேதான் இக்கருவியின் அறிவெல்லாம் அடங்கியுள்ளது.

வைக்கிங்குகள் என்றதும் நேயர்கள் பலர் மனத்தில் கடற்கொள்ளைக்காரர் உருவமே தோன்றும். அது பிழையன்று, 793-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தை அவர்கள் சூறையாடியதிலிருந்தே அவர்களுடைய காலத்தை வரலாற்றாசிரியர்கள் கணக்கிடத் தொடங்குகின்றனர், 1066-ஆம் ஆண்டுப் போர்களோடு முடிக்கின்றனர். (அவர்கள் தலையில் நாம் படங்களில் காணும் மாட்டுக்கொம்பு மட்டும் 1876-இல் ஜெர்மானிய இசை நாடகமொன்றின் உடையமைப்பாளர் முளைக்கச் செய்தது.) போரிலும் இக்கோடரி பயன்பட்டது, தாடியின் உள்வளைவால் எதிரியின் கேடயத்து விளிம்பைக் கொளுவி இழுக்கலாம். ஆயினும் போர்க்களத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் இக்கருவியின் பிறப்பிடத்தை நாம் காணத் தவறிவிடுவோம். அது தச்சனின் கருவி. கடற்கொள்ளைக்குக் கப்பல் வேண்டும். கப்பலுக்குப் பலகை வேண்டும். பலகையைச் செய்தது கோடரி.

வைக்கிங் தச்சர் கப்பற் பலகைகளை ரம்பத்தால் அறுக்கவில்லை. ஓக் மரத்தின் அடியை ஆப்புகளால் பிளந்து, மேலும் மேலும் பிளந்து, வெள்ளரிக் கீற்றுப்போல் துண்டுகளாக்கினர். பின்னர் ஒவ்வொரு கீற்றையும் கோடரியால் செதுக்கி இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பலகையாக்கினர். இவ்வேலைக்கு ஓங்கி வெட்டும் கருவி உதவாது. நீண்ட வெட்டுவாய் வேண்டும்; கையோ அந்த வாய்க்கு வெகு அருகில் இருக்கவேண்டும். தாடிக் கோடரியின் காம்பை மேலேற்றிப் பிடித்தால், விரல்கள் பிறை போன்ற இடைவெளிக்குள் புகுந்து, வெட்டுவாய்க்கு நேர் பின்னாலேயே அமர்ந்துவிடுகின்றன. அந்நிலையில் அதனைச் சீவுளிபோல் நுட்பமாக நடத்தலாம்; கையைக் காம்பின் கடைக்கு இறக்கினால் அதே கருவி மரம் வெட்டும் கோடரியாகிவிடும்.

தாடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இரும்பின் அருமை. நம்மவருள் பலர் ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா, பிலாய் முதலிய ஊர்களில் வாழ்கின்றனர். இரும்பு அங்கே ஊதுலையிலிருந்து ஆறாக உருகி ஓடுவதை அவர்கள் அறிவர். வைக்கிங் உலையில் இரும்பு உருகியதே இல்லை. அவர்களுக்குக் கிடைத்த தாது பெரும்பாலும் சதுப்பு நிலத்துத் தாது. இரும்புச் சத்துள்ள நிலத்தடி நீர் சதுப்பில் ஊறி மேலே வரும்போது, நுண்ணுயிர்களின் துணையால் அச்சத்து துருவைப்போல் படிந்து கட்டியாகிறது. நீரின்மேல் எண்ணெய் மினுமினுப்புப் போன்ற ஏடு மிதந்தால் அடியில் தாது இருக்கக்கூடும் என்று அறிந்தனர். அதனைத் தோண்டி, உலர்த்தி, சுட்டு, மரக்கரியோடு மாற்றி மாற்றி மண் உலையில் இட்டுத் துருத்தியால் ஊதினர். உலையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். தூய இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஆகவே, சிட்டம் என்று கொல்லர் கூறும் கசடு உருகி வழிய, இரும்பு மட்டும் கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த கட்டியாக உலையில் தங்கிவிடும். அதனைச் சூடு ஆறுமுன் அடித்து, மீண்டும் காய்ச்சி, மீண்டும் அடித்து, உள்ளே சிக்கிய கசடைப் பிழிந்தெடுத்தால்தான் அது பட்டறைக்கு உரிய தேனிரும்பாகும். ஒரு பிடி இரும்புக்குப் பின்னால் எத்தனை கூடை கரியும் எத்தனை நாள் உழைப்பும் இருந்தன என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். இத்தகைய இரும்பைக் கொண்டு நீண்ட வெட்டுவாயை அமைக்கவேண்டுமானால், தேவையற்ற இடத்தில் உலோகத்தை விட்டுவைக்க எந்தக் கொல்லனும் துணியமாட்டான். தாடிக் கோடரியின் பிறை, இரும்பை மிச்சம் பிடித்த இடம்.

எஃகோ அதனினும் அரிது. தேனிரும்பு மென்மையானது; அடித்தால் வளையும், உடையாது; ஆனால் கூர்மை நில்லாது. எஃகில் கரிச்சத்து சிறிது கலந்திருப்பதால் கூர்மை நிற்கும். கவனமின்றிக் கையாண்டால் உடையும். எனவே கோடரியின் உடலைத் தேனிரும்பாலும் வெட்டுவாயை மட்டும் சிறு எஃகுத் துண்டாலும் செய்தனர். விலை குறைகிறது, கருவியும் சிறக்கிறது. இரண்டையும் ஒன்றாக இணைப்பதுதான் கடினம்.

இச்செய்முறையை எழுதிவைத்த வைக்கிங் கொல்லன் எவனும் இல்லை. நமக்குக் கிடைத்தவை துருவேறிய பொருள்களே. சுவீடனைச் சேர்ந்த கோட்லாந்துத் தீவில் மாஸ்டர்மீர் என்னுமிடத்தில், முன்னொரு நாள் சதுப்பாக இருந்த நிலத்தை 1936-ஆம் ஆண்டில் உழுதபோது, ஓக் மரப்பெட்டியொன்று கலப்பையில் தட்டுப்பட்டது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் அதனோடு கிடைத்தன. சுத்தியல்கள், குறடுகள், பட்டடைகள், அரங்கள், கோடரிகள் என, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தொழிலாளியின் உடைமை முழுவதும் அப்பெட்டியில் இருந்தது. அவன் கொல்லனும் தச்சனுமாக இருந்திருக்கவேண்டும். கல்லறைகளிலிருந்து கிடைத்த கோடரிகளை நோர்வே நாட்டு அறிஞர் யான் பேட்டர்சன் 1919-இல் வடிவத்தைக்கொண்டு வகைப்படுத்தினார். பின்வந்தோர் ஊடுகதிர்ப் படம் எடுத்தும், குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தும், எங்கே மடித்தனர், எங்கே எஃகைச் செருகினர் என்று கண்டறிந்தனர். காம்புத் துளையை உளியால் குடைந்து செய்ததும் உண்டு. இரும்புப் பட்டையை மடித்துச் செய்ததும் உண்டு. பின்னதையே இங்கு விளக்குவோம். இன்றைய கைத்தொழிற் கொல்லர்கள் விரும்பிச் செய்வதும் அதுவே.

கை உலை வேலையைப் பார்த்திராத நேயர்கள் அதற்காக நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. தில்லியிலும் இராஜஸ்தான் நகரங்களிலும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி உலை மூட்டும் காடியா லோஹார் குடும்பங்களைக் கண்டிருப்பீர்கள். 1568-இல் சித்தோர்க் கோட்டை வீழ்ந்தபின் நாடோடிகளானோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. கணவர் குறட்டால் இரும்பைப் பிடித்துச் சிறு சுத்தியலால் இடம் காட்ட, மனைவி சம்மட்டியை ஓங்கி அவ்விடத்தில் அடிப்பார். தலைக்கொல்லரும் சம்மட்டியாளும் பேச்சின்றி ஒத்து வேலை செய்யும் இந்த முறை உலகெங்கும் ஒன்றே.

24 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 1 சென்டிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டையொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. முதலில் பட்டையின் நடுப்பகுதியைக் காய்ச்சி மெலிதாக்குவர்; காம்பைச் சுற்றப்போவது அப்பகுதி. அதன் இருபுறத்திலும் காதுமடல்போன்ற சிறு முனைகளை விட்டுவைப்பர். காம்பை மேலும் கீழும் இறுகப் பற்ற அவை உதவும். பின்னர் பட்டையை நடுவில் வளைத்து, இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மடிப்பர். மடிப்பின் உட்புறத்தில் காம்பின் அளவுள்ள இரும்பு முளையைச் செருகித் துளையின் வடிவத்தைச் சரிசெய்வர். இரு முனைகளுக்கு நடுவே, ஆப்புப்போல் ஒருபுறம் மெலிந்த எஃகுத் துண்டை வைப்பர்.

இனி வருவது நெஞ்சு படபடக்கும் கட்டம். இரும்பையும் எஃகையும் உருக்காமல், பசையின்றி, அடியினாலேயே ஒட்டவைக்கவேண்டும். அதற்கு இரு நிபந்தனைகள். ஒன்று, வெப்பம் 1,300 டிகிரியை நெருங்கவேண்டும். மற்றொன்று, ஒட்டும் முகங்களில் செதிள் இருக்கலாகாது. காய்ச்சிய இரும்பின்மேல் காற்றுப்பட்டவுடன் செதிள் படர்ந்துவிடும். அது இருக்குமிடத்தில் ஒட்டாது. ஆகவே மணலைத் தூவுவர். இக்காலத்தவர் வெண்காரம் தூவுகின்றனர். நம் பொற்கொல்லர் பற்றுவைக்கும்போது வெண்காரம் இடுவதும் இதன் பொருட்டே. அது செதிளோடு கலந்து பாகாகி, முதல் அடியிலேயே பிதுங்கி வெளியேறிவிடும்.

வெப்பத்தை அளக்கக் கண்ணைத் தவிர வேறு கருவி கிடையாது. சிவப்பு ஆரஞ்சாகும், மஞ்சளாகும், பின் வெளுக்கும். பரப்பு வெண்ணெய் தடவியதுபோல் ஈரமாகப் பளபளக்கும் அந்தச் சில நொடிகளே காலம். அதற்கு முன் எடுத்தால் ஒட்டாது. சற்றே தாமதித்தால் நடுவிலுள்ள எஃகு மத்தாப்புப்போல் பொறி கக்கத் தொடங்கும். எஃகு எரிகிறது என்று பொருள். எரிந்த எஃகை எந்தக் கொல்லனாலும் மீட்க இயலாது. எடுத்தவுடன் பட்டடைமீது வைத்து, முதலில் மென்மையாகவும் விரைவாகவும் அடிக்கவேண்டும். பலத்தைக் காட்டினால் துண்டுகள் வழுக்கி விலகிவிடும். ஒட்டியதா என்பதை ஓசையே சொல்லிவிடும். ஒட்டாத இடம் பொத்தலான குரலில் ஒலிக்கும். அரைகுறையாக ஒட்டியது அன்று தெரியாமற் போகலாம். பின்னொரு நாள் மரத்தில் பாயும்போது வாய் பிளந்து நிற்கும்.

ஒட்டுதல் முடிந்தபின் தாடியை இழுப்பர். சப்பாத்தி இடுவோர் ஓர் உண்மையை அறிவர்: குழவியை எத்திசையில் உருட்டுகிறோமோ அத்திசையில் மாவு நீளும். காய்ச்சிய இரும்பும் மாவைப் போன்றதே. சுத்தியலின் கூர்ந்த முகத்தை வெட்டுவாய்க்குக் குறுக்காக வைத்து அடித்தால் இரும்பு கீழ்நோக்கி நகரும். ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்மூலையை இழுத்து இறக்கவேண்டும். கழுத்தும் தாடியும் கூடும் உள்மூலையைக் கூராக விடலாகாது. பட்டடையின் உருண்ட விளிம்பில் வைத்து வளைவாக்கவேண்டும். கூரான மூலையில் விரிசல் தோன்றும்; விரிசல் தோன்றினால் தாடி உதிர்ந்துவிடும். தடித்த தகட்டில் வடிவத்தை வரைந்து, பிறையை வெட்டி நீக்கித் தாடி செய்வோர் இன்று உண்டு. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் தாடி பிறந்த காரணத்தையே அது மறந்த வேலை என்பது என் எண்ணம்.

அடுத்தது தோய்ச்சல். வெட்டுவாயைக் கோவைப்பழச் சிவப்பாக, ஏறத்தாழ 800 டிகிரிக்குக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பர். காந்தம் ஒட்டாத நிலை வந்ததா என்று இக்காலத்தார் சோதிப்பர். முற்காலத்தார் அரையிருளில் நிறம் பார்த்தனர். தோய்த்த எஃகு கண்ணாடிபோல் கடினமாகிவிடும். அப்படியே விட்டால் சில்லாகத் தெறிக்கும். எனவே வாயைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பிடர்ப்பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்றுவர். வைக்கோல் நிறமும், பழுப்பும், ஊதாவும், நீலமும் வரிசையாக வெட்டுவாயை நோக்கி நகர்ந்து வரும். ஊதா வாயைத் தொடும்போது, அதாவது 280 டிகிரி அளவில், சூட்டை நிறுத்திவிடுவர். சவரக்கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். அடிபடும் கோடரிக்கு இந்த மென்மை வேண்டும்.

பிறகு சாணை. நோர்வேயின் டெலமார்க் மாவட்டத்து எய்ட்ஸ்போர்க் ஊரில் வெட்டியெடுத்த சாணைக்கற்கள் வைக்கிங் காலத்திலேயே கடல் கடந்து விற்பனையாயின. காம்புக்கு வளைந்து கொடுக்கும் ஆஷ் மரம் உகந்தது. நார் நேராக ஓடும் துண்டைச் செதுக்கித் துளையில் ஏற்றி, தலையில் ஆப்பு அறைந்துவிட்டால் கோடரி தயார்.

இவ்வகைக் கோடரிகள் மீண்டும் வேலைக்கு வந்ததும் உண்டு. டென்மார்க்கின் ரோஸ்கில்டே கடற்கழியிலிருந்து 1962-இல் ஐந்து வைக்கிங் கப்பல்களின் சிதைவுகளைத் தோண்டி எடுத்தனர். அவற்றுள் நீண்ட போர்க்கப்பல், 1042-ஆம் ஆண்டளவில் அயர்லாந்தின் டப்ளினில் கட்டப்பட்டது என்பதை அதன் மரவளையங்கள் காட்டின. பழைய பலகைகளில் பதிந்திருந்த கோடரித் தழும்புகளை ஆராய்ந்து, அக்காலக் கருவிகளைப் போன்றவற்றைச் செய்து, அக்கப்பலின் மறுபடியை நான்கு ஆண்டுகள் உழைத்து 2004-இல் வெள்ளோட்டம் விட்டனர். 2007-ஆம் ஆண்டில் ஏறத்தாழ அறுபது பேர் அதில் ஏறி வடகடலைக் கடந்து, மூலக்கப்பல் பிறந்த டப்ளின் துறையை அடைந்தனர்.