நாளுக்கொரு தேங்காய்: நாஞ்சில் சமையலின் கொழுப்புக் கணக்கு

வள்ளியூரிலிருந்து வரும் பேருந்து முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததும் நிலம் மாறுகிறது. கூடவே தாளிக்கிற எண்ணெயும் மாறுகிறது. கிழக்கே நெல்லைச் சீமையில் நல்லெண்ணெய், மேற்கே நாஞ்சில் நாட்டில் தேங்காயெண்ணெய். அவியல், துவரன், எரிசேரி, வறுத்தரைத்த தீயல், மீன்கறி என்று எதற்கும் முதலில் தேங்காயைத் திருவியாக வேண்டும். அதனால் கொலஸ்ட்ரால் பற்றிய சர்ச்சை இங்கே அடுக்களைச் சண்டையாகவே நடக்கிறது. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் தேங்காயைக் குறைக்கச் சொல்கிறார். அன்று மாலையே, தேங்காயெண்ணெய்தான் இதயத்துக்கு அமுதம் என்று கைப்பேசியில் ஒரு காணொளி வருகிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

ரயில்வே ஊழியர்கள் காட்டிய புதிர்

1950களில் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ், கொழுப்பு அதிகம் உண்ணும் நாடுகளில் மாரடைப்பும் அதிகம் என்றார். 1961இல் அமெரிக்க இதயச் சங்கம், நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைகொழுப்பைக் குறைக்கச் சொன்னது. உலகம் அதைப் பின்பற்றத் தொடங்கிய நேரத்தில், ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1967இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொன்னது. இந்திய ரயில்வே ஊழியர்களிடையே மாரடைப்பு மரணம் வடக்கைவிடத் தெற்கில் சுமார் ஏழு மடங்கு அதிகம். ஆனால் பஞ்சாபிகளோ தென்னிந்தியர்களைவிடப் பல மடங்கு கொழுப்பு, அதிலும் பெரும்பாலும் பால் கொழுப்பு, உண்டவர்கள்.

நெய் ஆதரவாளர்கள் இன்றும் இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் இது இறப்புப் பதிவுகளை வைத்துச் செய்த ஒப்பீடு. ஒவ்வொருவருடைய இரத்தத்தையும் அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததல்ல. நெய் காப்பாற்றும் என்பதற்கு இது சான்றாகாது. கொழுப்பை மட்டும் பார்த்தால் தெற்கின் கதை விளங்காது என்பதற்குச் சான்றாகும். எனக்கு அதுவே பெரிய செய்தியாகப் படுகிறது.

ஈரல் செய்யும் வேலை

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. அதில் ஈரலுக்கு முக்கிய இடம். முட்டையில் இருப்பது இரத்த அளவைப் பெரும்பாலோருக்குக் கொஞ்சமே கூட்டும். நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015இல் கைவிட்டது. நிறைகொழுப்பு அப்படியல்ல. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து இழுத்தெடுக்கும் ஏற்பிகள் ஈரலில் உண்டு. நிறைகொழுப்பு அவற்றின் வேலையைக் குறைக்கிறது. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். மிஞ்சிய எல்டிஎல் தமனிச் சுவருக்குள் புகுந்து படிகிறது. என்றோ அந்தப் படிவு வெடித்து, மேலே இரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

கொச்சியில் நடந்த சோதனை

தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைகொழுப்பு. கடலையெண்ணெயில் இருபதுக்குள், நல்லெண்ணெயில் சுமார் பதினைந்து. கொச்சி அமிர்தா மருத்துவமனையில் 200 இதய நோயாளிகளுக்கு இரண்டாண்டுகள் தேங்காயெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. காணொளிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அந்த நோயாளிகள் முறையான இதய சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதை அவை சொல்வதில்லை. 16 சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்தியது. எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலும் 4 உயர்ந்தது. ஆனால் எச்டிஎல் கூடினால் மாரடைப்பு குறையும் என்பது மருந்துச் சோதனைகளில் நிரூபணமாகவில்லை.

குறைத்த இடத்தை எது நிரப்புகிறது

நிறைகொழுப்பைக் குறைத்தும் பலனில்லை என்று சில ஆய்வுகள் சொல்வது ஏன்? குறைத்தவர் அந்த இடத்தில் மைதாவையும் சர்க்கரையையும் வைத்தால் பலன் இராது. பயறு, மீன், கடலையெண்ணெய் வந்தால் பலன் உண்டு. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்த ஐசிஎம்ஆர் ஆய்வு 2014இல் வெளியானது. அதில் எல்டிஎல் மிகுந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். எச்டிஎல் குறைந்தவர்களோ எழுபத்திரண்டு பேர். டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடியவர்கள் ஏறக்குறைய முப்பது பேர். மாவுச்சத்து மிகுந்த சாப்பாடும் அசையாத உடம்பும் இதே விளைவைத்தான் தரும். தேங்காயைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மாவுச்சத்துதான்.

ஒரு தேங்காய், நான்கு பேர்

நூறு கிராம் தேங்காயில் கொழுப்பு 33 கிராம். அதில் முப்பது நிறைகொழுப்பு. நாலு பேருள்ள வீட்டில் நாளுக்கொரு தேங்காய், அதில் 300 கிராம் பருப்பு என்று வைத்தால் ஆளுக்குச் சுமார் 22 கிராம் நிறைகொழுப்பு. இரண்டாயிரம் கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு ஏறக்குறைய அதுவேதான். அரைத்த தேங்காயோடு நார்ச்சத்தும் வருகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு மேல் ஏத்தங்காய் சிப்ஸும், பாதிக்குப் பாதி நிறைகொழுப்பான பாமாயிலில் பொரித்த வடையும் சேர்ந்தால் கணக்கு எங்கோ போய்விடும்.

என் யோசனை இது. தேங்காய் கறியில் இருக்கட்டும். ஒன்று அரைத்த இடத்தில் அரை போதும். பொரிப்பதைக் குறைத்து, தாளிக்க நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ எடுங்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்ச வேண்டாம். சாளையும் நெத்திலியும் பொரியாமல் குழம்பாகவே வரட்டும். பீடி, சிகரெட்டை விடாதவருக்கு எண்ணெயை மாற்றி அதிகம் கிடைக்காது.

மாத்திரையும் நெஞ்சுவலியும்

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை நோயாளி ஆகியோர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. தசைவலி இருந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 108ஐ அழையுங்கள். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அந்த முதல் தவணையைப் பெற்றுக்கொண்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.