சந்திரனுக்குச் சென்ற பீரங்கிக் குண்டு

சில ஆண்டுகளுக்கு முன்னர், கணித பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், கடைசி வாங்கில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் மேசையின் கீழே புத்தகமொன்றை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருக்கக் கண்டோம். வாங்கிப் பார்த்தபோது, அது பிரெஞ்சு எழுத்தாளர் யூல்ஸ் வேர்ண் எழுதிய சந்திர யாத்திரைக் கதை. அஞ்சி நிற்பான் என எண்ணினோம். அவனோ, "சேர், பீரங்கிக் குண்டுக்குள் இருந்து போகிறவர்கள் உயிரோடு இருப்பார்களா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. "முதலில் பாடத்தைக் கவனி" என்று கூறிப் புத்தகத்தை லாச்சியில் வைத்துப் பூட்டினோம். மாலையிற் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம், விடையைக் கொடுத்தோமில்லை. அக்குறை இன்றும் எமது மனத்தை உறுத்துகின்றது.

'பூமியிலிருந்து சந்திரனுக்கு' என்னும் அந்நாவல் 1865ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்தபின் தொழிலின்றி இருக்கும் பீரங்கி நிபுணர்கள், புளோரிடாவின் மண்ணிலே 900 அடி நீளமான பெரும் பீரங்கியொன்றை வார்க்கின்றனர். அலுமினியக் குண்டொன்றினுள்ளே மூவர் அமர்ந்து சந்திரனை நோக்கிப் புறப்படுகின்றனர். 1869இல் தொடர்கதையாக வந்த அடுத்த பாகத்திலே, அவர்கள் சந்திரனில் இறங்காது அதனைச் சுற்றித் திரும்பிப் பசுபிக் சமுத்திரத்தில் வீழ்ந்து மீட்கப்படுகின்றனர்.

வானிலே பறக்கும் கதை எமக்குப் புதிதன்று. புட்பக விமானத்தை அறியாத தமிழ்ச் சிறுவர் உளரோ? ஆயினும், அவ்விமானம் எவ்வாறு எழுந்தது, எத்துணை வேகத்திற் சென்றது என்று எவரும் வினவுவதில்லை. வேர்ணோ, பீரங்கியின் நீளம் இவ்வளவு, வெடிமருந்தின் நிறை இவ்வளவு, குண்டின் வேகம் இவ்வளவு என்று கூறிக்கொண்டே செல்கிறார். கணக்கைக் காட்டியவர், அதனைச் சரிபார்க்கும் உரிமையையும் வாசகனுக்கு வழங்கிவிடுகிறார். விண்வெளி நாவல்களின் கவர்ச்சிக்குப் பெருங் காரணம் இதுவே என்பது எமது கருத்து.

மாணவன் கண்ட பிழை

அவ்வுரிமையைப் பயன்படுத்தியவர் ஹெர்மன் ஓபர்த். இன்று ருமேனியாவிலுள்ள திரான்சில்வேனியாவில் 1894இல் பிறந்த அவர், ஏறக்குறைய பதினொரு வயதில் வேர்ணின் கதையைப் படித்தார். மீண்டும் மீண்டும் படித்தார். பின்னர்க் கணக்கிட்டும் பார்த்தார்.

நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். புவியீர்ப்பை வென்று செல்லச் செக்கனுக்கு ஏறக்குறைய 11 கிலோமீற்றர் வேகம் வேண்டும். 900 அடி என்பது சுமார் 274 மீற்றர். அத்தூரத்திற்குள் குண்டு அவ்வேகத்தைப் பெறுவதாயின், அதற்குக் கிடைக்கும் நேரம் செக்கனில் இருபதில் ஒரு பங்கே. அப்போது உண்டாகும் ஆர்முடுகல் புவியீர்ப்பினால் உண்டாவதைப் போல் இருபதினாயிரம் மடங்குக்கு மேற்பட்டதாகும். 40 கிலோகிராம் நிறையுள்ள சிறுவனை 800 தொன் பாரம் அழுத்துவதற்கு அது சமமாகும். அதிர்ச்சியைத் தாங்குவதற்கென வேர்ண் குண்டினடியில் நீரை நிரப்பி வைத்தார். அந்நீரால் ஒருவரையும் காத்திருக்க முடியாது. மூவரும் பீரங்கியின் வாயைக் கடக்குமுன்னரே மடிந்திருப்பர்.

பிழையைக் கண்ட சிறுவன் புத்தகத்தை வீசிவிடவில்லை. "அப்படியாயின் எவ்வாறு செல்வது?" என்று சிந்திக்கலானான். எரிபொருளைத் தன்னுடனே சுமந்து, வாயுவைப் பின்னோக்கி வெளியேற்றி, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லும் றொக்கெற்றே ஏற்றது எனக் கண்டான். 1922இல் ஓபர்த் சமர்ப்பித்த ஆராய்ச்சிக் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 1923இல் அதனையே நூலாக வெளியிட்டார். பின்பு பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றினார். 1969 யூலை மாதத்தில், அப்பலோ 11 புளோரிடாவிலிருந்து புறப்பட்டதை 75 வயது முதியவராக நேரிற் கண்டார். பூமியைச் சுற்றும் பாதையை அடைய அதற்குச் சென்ற நேரம் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். பயணிகள் உணர்ந்த அழுத்தம் நான்கு மடங்கு அளவே.

ஓபர்த் ஒருவர் மாத்திரமல்லர். பத்து வயதளவில் செவிப்புலனைப் பெரிதும் இழந்து, ருஷியாவிலே பள்ளி ஆசிரியராக வாழ்ந்த சியோல்கோவ்ஸ்கியும் வேர்ணின் கதைகளால் ஊக்கம் பெற்றவரே. றொக்கெற் மூலம் விண்வெளியை அடைதல் பற்றிய அவரது ஆய்வு 1903இல் வெளிவந்தது. அமெரிக்கரான ரொபேர்ட் கொடார்ட், எச். ஜி. வெல்ஸின் கதையொன்றால் கவரப்பட்டவர். 1899இல், பதினேழு வயதிலே, செரி மரமொன்றில் ஏறிநின்றபோது செவ்வாய்க்குச் செல்லும் கனவு அவருள்ளத்தில் எழுந்தது. 1926இல் அவர் ஏவிய முதலாவது திரவ எரிபொருள் றொக்கெற் பறந்தது இரண்டரைச் செக்கன்; எழுந்த உயரம் 41 அடி.

எமது தீவிலே

இவ்வரிசையில் ஆதர் சி. கிளார்க்கை மறத்தல் தகாது. 1956இல் இத்தீவுக்கு வந்த அவர், 2008இல் கொழும்பில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1979இல் வெளிவந்த அவரது நாவலொன்றிலே, பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கி போன்ற அமைப்பொன்று சித்திரிக்கப்படுகிறது. சிகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் அந்நாவலில் நாம் வேறு பெயர்களிற் காணலாம். அத்தகைய தூக்கி பூமத்திய இரேகையில் அமைவதே பொருத்தம். ஆதலின் கிளார்க் தமது கதையிலே தீவைத் தெற்கே நகர்த்திவிட்டார்! தீவை நகர்த்திய கற்பனையும் கணக்கின் கட்டளைக்கே பணிந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

பரீட்சை நெருங்குகையில் கதைப் புத்தகமா என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பே. பாடநூலைப் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால், இத்தகைய நாவலொன்றைப் பிள்ளையின் கையிற் கண்டால் பறிக்காதீர்கள். பக்கத்திலே ஒரு பென்சிலையும் தாளையும் வையுங்கள்.

அம்மாணவனுக்கு அன்று கொடுக்கத் தவறிய விடையைப் பின்வந்தோருக்காவது கொடுக்க முயல்கிறோம். ஆர்முடுகல் பற்றிய பாடத்தைத் தொடங்கும் ஒவ்வோராண்டும், அந்தப் பீரங்கிக் கணக்கையே முதற் கணக்காகக் கரும்பலகையில் எழுதுகிறோம். விடை கண்டதும் வகுப்பு ஒரு கணம் மௌனமாகும். பின்னர் யாரேனும் ஒருவர், "அப்படியென்றால் எப்படிச் சேர் போவது?" என்று கேட்பர். அதன் பின்னரே பாடத்தைத் தொடங்குகிறோம்.