பிசினில் பிறக்குமா இரத்த அணு?

(இரண்டாம் ஆண்டு, வேதியியல்)

சென்ற ஆண்டு என் அக்காளின் பிரசவத்தின்போது இரத்தம் தேவைப்பட்டது. அவளுடையது ஓ நெகடிவ் வகை. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த என் தந்தையார், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் இரவு முழுவதும் அலைந்தார். விடியும் நேரத்தில், முன்பின் அறியாத லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து இரத்தம் கொடுத்தார். தாயும் சேயும் பிழைத்தனர். வீடு திரும்பியதும் அப்பா கேட்டார்: “நீ இவ்வளவு படிக்கிறாயே, இரத்தத்தைத் தயார் பண்ண முடியாதா?” அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நம் இரத்தத்தின் ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஹீமோகுளோபின் நிறைந்த ஒரு சிறு பை. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்தானே, அதை மட்டும் பிரித்தெடுத்து உடலில் செலுத்தினால் என்ன? ஆபத்து! பைக்கு வெளியே வந்த ஹீமோகுளோபின் மூலக்கூறு பிளவுபட்டுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆகவே சரக்கைப் போலவே பையும் முக்கியம். இரத்த வகையை நிர்ணயிப்பவையும் அப்பையின் மேலுள்ள அடையாளங்களே. அவை இல்லாத பை ஒன்று கிடைத்தால், வகை பார்க்காமல் யாருக்கும் கொடுக்கலாம் அல்லவா?

இத்தகைய பையை 1957-இல் செய்து காட்டியவர் நம்மைப் போன்ற ஒரு மாணவர்! கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இளநிலை வகுப்பில் பயின்ற தாமஸ் சாங், தம் விடுதி அறையையே ஆய்வுக்கூடமாக்கினார். வாசனைத் திரவியம் தெளிக்கும் குப்பி போன்ற எளிய பொருள்களைக் கொண்டு, செல்லுலோஸிலிருந்து பெறப்படும் கொலோடியன் படலத்துக்குள் ஹீமோகுளோபினை அடைத்தார். ஆனால் அந்தச் செயற்கை அணுக்கள் இரத்த ஓட்டத்தில் நெடுநேரம் தங்கவில்லை.

இங்குதான் ஹைட்ரோஜெல் வருகிறது. இது நமக்குப் புதியதன்று. ஒரு துண்டு பாதாம் பிசினை இரவில் ஊற வைத்தால், காலையில் கிண்ணம் நிறைய உப்பியிருக்கும். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். கடற்பாசி தரும் ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான், ஜெலட்டின் ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்த இயற்கைப் பாலிமர்களே. இராமநாதபுரக் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பழுப்புப் பாசியிலும் ஆல்ஜினேட் உண்டு.

சோடியம் ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் விட்டால், ஒவ்வொரு சொட்டும் உடனே மணியாக உறையும். முட்டை அடுக்கும் அட்டையில் முட்டைகள் அமர்வதுபோல், இரு சங்கிலிகளின் குழிகளுக்கிடையே கால்சியம் அயனிகள் அமர்ந்து அவற்றை இணைக்கின்றன. ஹீமோகுளோபினைக் கலந்து சொட்டவிட்டால் அது மணிக்குள் அடைபடும். ஆக்சிஜன் போன்ற சிறு மூலக்கூறுகள் தாராளமாக உள்ளே சென்று வரும்.

எனினும் தடைகள் மூன்று. முதலாவது அளவு: சொட்டி எடுக்கும் மணி மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும், சிவப்பணுவின் விட்டமோ சுமார் 8 மைக்ரோமீட்டர்தான். இரண்டாவது நிலைப்பு: இரத்தத்திலுள்ள சோடியம், கால்சியத்தை மெல்ல வெளியேற்றுவதால் மணி தளரும், அதனால் கைட்டோசான் போன்றவற்றால் மேலுறை இடுகிறார்கள். மூன்றாவது மென்மை: தன்னைவிடக் குறுகிய நுண்குழாயிலும் சிவப்பணு வளைந்து நுழைந்துவிடும். 2011-இல் அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வாளர்கள், செயற்கைப் பாலிமர் ஹைட்ரோஜெல்லில் சிவப்பணு அளவுத் துகள்கள் செய்து எலிகளில் சோதித்தனர். துகள் மென்மையாக ஆக, இரத்தத்தில் தங்கும் நேரமும் கூடியது. கடினமானது தடைபடுகிறது, வளைந்து கொடுப்பது வாழ்கிறது!

தானமாகப் பெறும் இரத்தத்துக்கு ஈடான செயற்கை அணு இன்னும் மருத்துவமனைகளுக்கு வந்துவிடவில்லை. “பை தயாராகி வருகிறது அப்பா, இன்னும் நாளாகும்” என்றேன். “அதுவரை?” என்றார். பதிலாக, எங்கள் ஊரில் நடந்த முகாமில் முதன்முறையாக இரத்ததானம் செய்தேன். அந்த லாரி ஓட்டுநருக்கு நான் பட்ட கடன் அது. நண்பர்களே, ஆய்வுக்கூடம் விடை தரும்வரை, வேறொருவர் வீட்டு விடியலுக்கு நம் கைதான் விடை.