நாற்காலி, கையெழுத்து, தீர்மான நோட்டு



நினைவுச் சொற்பொழிவு என்றதும் ஒரு நாவலைப் பற்றியோ கவிதையைப் பற்றியோ கேட்கலாம் என்று சிலர் வந்திருப்பீர்கள். நம்முடையது இலக்கிய மன்றம்தான். ஆனால் நாம் இன்று நினைவுகூரும் அய்யாவின் தோள்பையில் கவிதை நோட்டு ஒன்றுதான் இருந்தது. கிராமசபைத் தீர்மானங்களின் நகல்கள் ஒரு கட்டு இருந்தன. அந்தக் கட்டைப் பற்றிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். உள்ளூர் அரசியலில் நம் மக்கள் எப்படி நுழைந்தார்கள், நுழைந்த பிறகு எங்கே தடுக்கப்படுகிறார்கள், அந்தத் தடையை எப்படி விலக்குவது என்ற மூன்றையும் பார்ப்போம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊராட்சி என்பதே நமக்கு வேண்டாத ஒன்று என்று நம் இளைஞர்களில் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் அம்பேத்கரைக் காட்டுகிறார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களை அவர் கடுமையாக மறுத்தது உண்மை. ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1932 இல், பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அவர் என்ன கேட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தீண்டத்தகாதவராக வைக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாமல் அந்த மன்றங்களிடம் அதிகாரத்தைக் கொடுக்கக்கூடாது என்று வாதாடினார். கிராமத்தின் மீது அவருக்கு மயக்கம் இல்லை. ஆகவேதான் அங்கே நமக்கு இடம் வேண்டும் என்றார்.

அந்த இடம் சட்டமாக வர அறுபது ஆண்டுகள் ஆயின. 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 இல் நடைமுறைக்கு வந்தது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்கான 74 ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 இல் வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இல் நிறைவேறியது. 1996 அக்டோபரில் முதல் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிகளிலும் மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு உண்டு என்பதுதான் அதில் பலருக்குப் பொறுக்க முடியாத செய்தியாக இருந்தது.

மதுரை மாவட்டம் மேலவளவில் நடந்ததை இந்த அவையில் பலர் அறிவீர்கள். வேட்புமனு கொடுத்தவர்கள் மிரட்டப்பட்டார்கள். வீடுகள் எரிந்தன. அடுத்து நடந்த வாக்குப்பதிவில் பெட்டிகளைத் தூக்கிச் சென்றார்கள். கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரைக்குப் போய்விட்டு 1997 ஜூன் 30 அன்று திரும்பும் வழியில் பேருந்தை மறித்து அவரையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு ஊராட்சித் தலைவர் செய்ய வேண்டிய சாதாரண வேலையைச் செய்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் அவர்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் வேறு வழி பிடித்தார்கள். யாரும் மனு போடாமல் தடுத்தார்கள். போட்டாலும் ஊர் சொன்ன ஆளே போட்டு, வென்ற கையோடு ராஜினாமா செய்தார். பத்தாண்டுகள் இப்படியே போயின. 2006 இல்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று நடந்த கிராமசபையில் முதலமைச்சர் கலந்துகொண்டார். அரசு உறுதியாக நின்றால் முடியும் என்பதற்கு இந்த ஊர்கள் சாட்சி. உறுதியாக நிற்கப் பத்தாண்டுகள் ஆயின என்பதற்கும் இவையே சாட்சி.

இப்போது நாற்காலிக்கு வருவோம். 2020 இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படத்தை நாடே பார்த்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைச் சுதந்திர நாளில் கொடியேற்ற விடவில்லை. இவை படமாக வந்ததால் தெரிந்தவை. படத்தில் வராத ஒன்று இருக்கிறது. அதைத்தான் அய்யா கையெழுத்துத் தீண்டாமை என்பார்.

ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு இருக்கும் ஒதுக்கீடு துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. ஆகவே தனி ஊராட்சியில் என்ன நடக்கிறது? தலைவர் நம்மவர். வார்டு உறுப்பினர்களில் பெரும்பான்மை ஊர்க்காரர்கள். துணைத்தலைவர் அவர்கள் ஆள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் குடிநீர் மோட்டார் பழுது பார்க்கக்கூடப் பணம் எடுக்க முடியாது. ஒரு மாதம் தண்ணீர் வராவிட்டால் திட்டு யாருக்கு? தலைவருக்கு. "அவங்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியாது" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. தலைவர் பதவிக்கு மட்டும் ஆள் நிறுத்திவிட்டு வார்டுகளைக் கோட்டை விடக்கூடாது. பொது வார்டாக இருந்தாலும் நம் வாக்கு எங்கே கணிசமாக இருக்கிறதோ அங்கே நிற்க வேண்டும், அல்லது நம்மோடு நிற்கும் மற்றவர்களை நிறுத்த வேண்டும். தலைவரை நீக்கும் நடவடிக்கையில் ஆட்சியர் விளக்கம் கேட்ட பிறகு வட்டாட்சியர் கூட்டும் கூட்டத்தில் கருத்துச் சொல்பவர்களும் இந்த வார்டு உறுப்பினர்களே. பேரூராட்சிகளில் இது இன்னும் முக்கியம். 2022 பிப்ரவரி 19 அன்று பேரூராட்சிகளுக்கு வாக்களித்தோமே, அங்கே தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். கவுன்சிலர்களில் நமக்கு ஆள் இல்லையென்றால், தனித் தலைவர் பதவியில் யார் உட்காருவது என்பதையும் வேறு யாரோ தீர்மானிப்பார்கள்.

சட்டப் பாதுகாப்பு ஒன்றும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. வாக்களிக்க விடாமலோ வேட்புமனு போட விடாமலோ தடுப்பது, ஊராட்சி, நகராட்சிப் பதவியில் இருப்பவரைத் தன் கடமையைச் செய்ய விடாமல் மிரட்டுவது அல்லது தடுப்பது, தேர்தலுக்குப் பிறகு தாக்குவது, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வது எல்லாம் அதில் தனித்தனிக் குற்றங்கள். நாற்காலி மறுத்தால் அது மனவருத்தத்தோடு முடியும் விஷயமல்ல, புகாராக எழுத வேண்டிய விஷயம் என்பதை நம் தலைவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பதவியில் இல்லாதவர்கள் என்ன செய்வது? அய்யா ஒரு நாளும் பதவியில் இருந்ததில்லை. இரண்டு முறை வார்டுக்கு நின்று இரண்டு முறையும் தோற்றார். ஆனால் கிராமசபை ஒன்றைக்கூட விட்டதில்லை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர். அதற்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். நகரங்களுக்கும் 2022 இல் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்துவிட்டன.

எங்கள் ஊரில் கூட்டம் எப்படி நடந்தது என்று சொல்கிறோம். செயலர் காலையில் நோட்டோடு வருவார். வேலைத்திட்டத்துக்குப் போகும் நம் பெண்களிடம் கையெழுத்து வாங்குவார். பக்கம் வெறுமையாக இருக்கும். தீர்மானம் பிறகு எழுதப்படும். ஒரு மே தினத்தில் அய்யா பேனாவை வாங்கிக்கொண்டு, "தம்பி, முதல்ல எழுதுங்க, எழுதுனத வாசிங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறோம்" என்றார். செயலர் சிரித்தார். பின்னால் நின்ற ஆறு பெண்களும் கையெழுத்துப் போடாமல் நின்றார்கள். அதில் ஒரு அக்கா, "எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி, காது கேக்கும், வாசிங்க" என்றார். அன்று இரண்டு மணி நேரம் கூட்டம் நடந்தது. எங்களுக்குத் தெரிந்து ஒரு கூட்டம் முழுதாக நடந்தது அதுவே முதல் முறை.

அந்தக் கூட்டத்தில்தான் சுடுகாட்டுப் பாதைத் தீர்மானம் ஏறியது. "பாதை வேண்டும்" என்று மொட்டையாக எழுதக்கூடாது என்றார் அய்யா. புல எண் என்ன, எங்கிருந்து எங்கே வரை, ஆக்கிரமிப்பு எத்தனை அடி என்று எழுத வைத்தார். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கினார். அந்த நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாட்சியர், ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டம் என்று நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் ஒப்புகைச் சீட்டு வாங்கினார். தோள்பையில் இருந்த கட்டு அதுதான்.

அளவையர் வந்து கல் நட்டார். கல் நட்ட பிறகும் பாதை வரவில்லை. அதற்குள் அய்யா போய்விட்டார். அவர் உடலையும் வரப்பின் மேல்தான் தூக்கிச் சென்றோம். முன்னால் பிடித்தவரின் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. சேற்றில் இறங்கித்தான் தாங்கிக்கொண்டோம். இதை இங்கே மறைக்கத் தேவையில்லை. தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும்.

ஆனால் தீர்மானம் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறோம். முன்பு நாம் பாதை கேட்டபோது அது சலுகை கேட்பதாக இருந்தது. இன்று அது அரசின் பதிவேட்டில் உள்ள, நிறைவேற்றாமல் வைத்திருக்கிற கடமை. 2016 முதல் 2019 வரை தேர்தலே நடத்தாமல் தனி அலுவலர்களை வைத்து ஊராட்சிகளை ஓட்டியபோதும் அந்த நோட்டுப் பக்கம் அழியவில்லை. தலைவர் மாறலாம், செயலர் மாறலாம். எழுதியது நிற்கும். எழுத்தை நம்புகிற மன்றம் இது. அந்த நம்பிக்கையில் தீர்மான நோட்டையும் சேர்த்துக்கொள்வோம்.

அய்யாவின் கட்டு இப்போது அந்த அக்காவின் மகளிடம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற பெண். அடுத்த கிராமசபைக்கு அந்த நகலோடு அவர் போகிறார். பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கு அங்கே வாக்கு இல்லை. உங்கள் ஊரிலும் அதே நாளில் கிராமசபை கூடுகிறது. அங்கே போய் உட்காருங்கள். எழுதச் சொல்லுங்கள். வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஜெய் பீம்.