ஜோர்டன் கோட்பாடும் கனடாவின் முதற்குடிக் குழந்தைகளும்

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், நார்வே ஹவுஸ் கிரீ முதற்குடியைச் சார்ந்த குடும்பத்தில் 1999இல் பிறந்தவன் ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன். பிறவி நோயுடைய அச்சிறுவன் மருத்துவமனையை விட்டு வீட்டுச் சூழலில் வளரலாம் என மருத்துவர்கள் இசைந்தனர். பராமரிப்புச் செலவை ஏற்பது ஒன்றிய அரசா, மாகாண அரசா என்ற பூசல் ஈராண்டுக்கு மேல் நீண்டது. பிற குழந்தைகளுக்கு இவ்வினாவே எழுவதில்லை. முதற்குடியினர் நலம் ஒன்றிய அரசின் பொறுப்பு என்பதே இங்குத் தடையாயிற்று. 2005இல், ஐந்து வயதில், ஒருநாளும் வீட்டில் வாழாமலே அவன் இறந்தான்.

முதலில் அணுகப்படும் அரசு சேவையை உடனே வழங்குக. செலவுப் பங்கீட்டைப் பின்னர்த் தீர்த்துக்கொள்க என்பதே அவன் பெயரால் அமைந்த கோட்பாடு. 2007 டிசம்பரில் நாடாளுமன்றக் கீழவை இதனை ஒருமனதாக ஏற்றது. ஆயினும் அத்தீர்மானம் சட்டமன்று. பல குறைபாடுகள் உடைய குழந்தைகளுக்கே உரியது என அரசு அதனைச் சுருக்கிக்கொண்டது; எதிர்ப்பைக் காட்டிலும் இச்சுருக்கமே கோட்பாட்டை முடக்கியது எனலாம்.

அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே சிண்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான குழந்தைநல அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் கனடிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டிருந்தன. ஒன்றிய அரசின் சேவையை மாகாண அரசின் சேவையோடு ஒப்பிட இயலாது என்னும் வாதத்தை ஏற்று, 2011இல் தீர்ப்பாயம் முறையீட்டைத் தள்ளியது. ஒப்பீடு இல்லையெனில் பாகுபாட்டை மெய்ப்பிப்பது எங்ஙனம்? 2012இல் ஒன்றிய நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. 2016 ஜனவரியில் பாகுபாடு உறுதிசெய்யப்பட்டது. 2017இல் கால வரம்பும் விதிக்கப்பட்டது: தனிக் குழந்தைக்கான அவசரக் கோரிக்கைக்கு 12 மணி நேரம், தனிக் குழந்தைக்கான பிற கோரிக்கைகளுக்கு 48 மணி நேரம்.